பச்சை இலையும் பூட்டுப் படமும்

கேள்வி: என் மாமியாருக்குப் பத்தாண்டுகளாகச் சர்க்கரை நோய் உள்ளது. பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு மருத்துவமனையில் தரும் மாத்திரையை நிறுத்திவிட்டு, செல்பேசியில் பார்த்த ஓர் இணையதளத்தின் ‘சர்க்கரையை வேரறுக்கும்’ பொடியை வாங்க வேண்டும் என்கிறார். பச்சை இலை, வெள்ளை அங்கி மருத்துவர், முகவரிக்கு அருகே பூட்டுப் படம், ‘சலுகை இன்னும் 12 நிமிடமே’ என்று ஓடும் கடிகாரம் என அந்தத் தளம் வெகு நேர்த்தியாக இருக்கிறது. நம்பலாமா?
– வாசகி, சேரன்மகாதேவி

பதில்: வாங்க வேண்டாம், மருத்துவரைக் கேட்காமல் மாத்திரையை நிறுத்தவும் வேண்டாம். அதற்காக உங்கள் மாமியாரை ஏமாளி என்று எண்ணிவிடாதீர்கள். ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தின் பி.ஜே. ஃபாக் குழுவினர் 2002இல் 2,684 பேரிடம் இணையதளங்களை ஒப்பிடச் சொன்னபோது, உடல்நலத் தளங்களைப் பற்றி வந்த கருத்துகளில் ஏறத்தாழ 42 விழுக்காடு தோற்றத்தையே பேசின. அதே ஆண்டு வெளியான ஒரு ஜெர்மானிய ஆய்வில், உடல்நலச் செய்தி தேடியவர்களுள் ஒருவர்கூட ‘எங்களைப் பற்றி’ என்ற பக்கத்தைத் திறந்து பார்க்கவில்லை.

நெல்லையப்பர் கோயில் எதிரே மங்கிய விளக்கொளியில் விற்கும் அல்வாவுக்கு வரிசையில் நிற்கும் நாம், செல்பேசியில் மட்டும் பளபளப்புக்கு மயங்குவது வேடிக்கைதான். அங்கே நாக்கு சாட்சி சொல்கிறது. இங்கே கண்ணைத் தவிர வேறு சாட்சி இல்லை. அந்தக் கண்ணுக்கு விருந்து வைப்பதோ மிக மலிவு: ஆயத்த வடிவமைப்பும் விலைக்கு வாங்கிய மருத்துவர் படமும் போதும்.

பூட்டுப் படம், உங்கள் செல்பேசிக்கும் தளத்துக்கும் இடையே செல்லும் தகவலை வேறொருவர் படிக்க முடியாது என்று மட்டுமே சொல்லும். மறுமுனையில் இருப்பவர் யோக்கியரா என்பது அதற்குத் தெரியாது. கடிகாரத்தைச் சோதிப்பது எளிது: பக்கத்தை மூடி மறுபடி திறந்தால் அது மீண்டும் 12 நிமிடத்திலிருந்து ஓடத் தொடங்குகிறதா என்று மாமியாரையே பார்க்கச் சொல்லுங்கள். எல்லாவற்றையும்விட, சர்க்கரை நோயைக் குணப்படுத்துவதாக மருந்துக்கு விளம்பரம் செய்வதையே 1954ஆம் ஆண்டின் மருந்துகள், மாய நிவாரணங்கள் விளம்பரச் சட்டம் தடைசெய்கிறது. ஆகவே தளத்தின் தலைப்பு வரியே அதைக் காட்டிக்கொடுத்துவிடுகிறது.

இனி எந்தத் தளமானாலும் முதலில் அடிப்பகுதிக்குப் போய், எழுதியவர் யார், பதிவு எண் உண்டா, எப்போது எழுதப்பட்டது, விற்பவரே எழுதியதா என்று பாருங்கள். மாமியாருக்கு நாட்டு மருந்தில்தான் மனம் என்றால், பாளையங்கோட்டையிலேயே அரசு சித்த மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. இப்போது சாப்பிடும் மாத்திரைச் சீட்டையும் கையோடு கொண்டுபோய்க் காட்டுங்கள்.