நெக்லிஜென்ட் என்றால் வேண்டுமென்றே செய்ததா?

அண்ணாச்சி, வண்ணார்பேட்டையில் தம்பியின் பைக் இடித்த வழக்கில் 'ராஷ் ஆர் நெக்லிஜென்ட்' என்று இருப்பதைப் பார்த்து, வேண்டுமென்றே இடித்ததாக எழுதிவிட்டார்களோ என்று கேட்டிருந்தீர்கள். இல்லை. எண்ணமே இல்லாமல், எடுக்க வேண்டிய கவனத்தை எடுக்காமல் விட்டதுதான் நெக்லிஜென்ட். நம் போலீஸ் தமிழில் 'அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும்' என்று வருமே, அந்த அஜாக்கிரதைதான் இது.

நம் பக்கம் ரோட்டில் நெல் காயப்போட்டு ஓரத்தில் கல் அடுக்குவார்கள் இல்லையா? இருட்டிய பிறகும் அந்தக் கல்லை எடுக்காமல் வீட்டுக்குப் போனால் நெக்லிஜென்ஸ். வருகிறவன் விழட்டும் என்றே வைத்தால் கதை வேறு. பால் பொங்கி வழிந்தால் 'கேர்லெஸ்' போதும். நெக்லிஜென்ட் என்றால் 'கவனிக்க வேண்டிய பொறுப்பு உனக்கு இருந்தது' என்ற குற்றச்சாட்டும் சேர்ந்து வரும்.

வழக்கில் பாரதிய நியாய சன்ஹிதா என்ற குற்றவியல் சட்டத்தின் 281-வது பிரிவு மட்டும் என்றால் 6 மாதம் வரை சிறை, அல்லது 1000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். 2024 ஜூலைக்கு முன் இதுவே பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 279. காயத்துக்குத் தனிப் பிரிவும் சேர்ந்திருக்கலாம், வக்கீலிடம் காட்டுங்கள்.

அப்புறம், 'நெக்லிஜிபிள்' வேறு சொல்: பொருட்படுத்த வேண்டாத அளவு சிறியது. ஒரு விளக்கக் கடிதத்தில் நான் 'நெக்லிஜிபிள் ஊழியன்' என்று என்னையே எழுதிக் கொடுத்திருக்கிறேன்.