பழைய பார்க்கர் இரட்டைக் குழல் துப்பாக்கியில் ஒரே விசை (ட்ரிகர்) இருக்கிறது. கம்பெனியில் போட்டதா, பிற்பாடு மாற்றியதா?

முதலில் வரிசை எண்ணைப் பாருங்கள். அதை வைத்து எந்த வருடம் செய்தது என்று தெரிந்துகொள்ளலாம். கனெக்டிகட் மாநிலம் மெரிடனில் இருந்த பார்க்கர் கம்பெனி 1922-ல்தான் தன் சொந்த ஒற்றை விசையைக் கொண்டுவந்தது. அதற்கு முந்தைய துப்பாக்கி என்றால், ஒற்றை விசை பெரும்பாலும் பின்னால் ஏறியதுதான்.

நான் பென்சில்வேனியாவில் வாங்கிய பார்க்கர் 1912-ல் செய்தது. விற்றவர் “கம்பெனி விசைதான்” என்றார், நம்பித்தான் சொன்னார். வீட்டுக்கு வந்து துப்பாக்கியைக் கவிழ்த்து, விசைத் தகட்டை லென்ஸ் வைத்துப் பார்த்தேன். விசைக்கு முன்னால் முடி கனத்தில் ஒரு கோடு. இரண்டு விசைக்கு வெட்டிய துளைகளில் ஒன்றை இரும்புத் துண்டால் அடைத்து, ராவிச் சமன் செய்திருந்தார்கள். அந்த இடத்தில் மட்டும் பூவேலை இல்லை, நிறமும் வேறு. மரக்கட்டையைக் கழற்றியபோது சந்தேகமே தீர்ந்தது. உள்ளே பழைய மரம் எண்ணெய் குடித்துக் கறுத்திருக்க, புது இயந்திரத்துக்காகக் குடைந்த இடம் மட்டும் வெளுத்துக் கிடந்தது. நான் அதிகம் நம்புவது இந்த மரத்தைத்தான். இரும்பை மெருகேற்றி மறைக்கலாம், உள்மரத்தைப் பழசாக்க யாரும் மெனக்கெடுவதில்லை.

மாற்றியது என்று தெரிந்தால், யார் செய்தது என்பது அடுத்த கேள்வி. அமெரிக்காவில் அடிக்கடி கண்ணில் படும் பெயர்கள் இரண்டு: மில்லர்ஸ்பர்க்கின் மில்லர், லான்காஸ்டரின் இன்ஃபாலிபிள். இரண்டுமே பென்சில்வேனியா. தகட்டிலும் உள்பாகங்களிலும் பெயரோ காப்புரிமைத் தேதியோ பொறித்திருக்கிறதா என்று தேடுங்கள். இன்னொரு விஷயம்: எல்.சி. ஸ்மித் என்ற இன்னொரு அமெரிக்க இரட்டைக் குழல் துப்பாக்கியில் ‘ஹன்டர் ஒன்-ட்ரிகர்’ என்று கண்டால் அதை வெளியார் வேலை என்று நினைத்துவிடாதீர்கள். அது அந்தத் துப்பாக்கியைச் செய்த ஹன்டர் ஆர்ம்ஸே போட்டுக் கொடுத்தது.

பார்க்கரின் பழைய பதிவேடுகளில் பல தப்பியிருக்கின்றன. பார்க்கர் சேகரிப்பாளர் சங்கத்திடம் கேட்டால், உங்கள் எண்ணுக்குப் பதிவு இருக்கும் பட்சத்தில் கடிதமாகத் தருவார்கள்.

சரி, விலை எல்லாம் அப்புறம். ஒற்றை விசையின் பழைய வியாதி இரண்டு குழலும் ஒன்றாக வெடிப்பது. முதல் வெடியில் துப்பாக்கி தோளில் மோதித் திரும்பும்போது, நம்மை அறியாமலே விரல் மறுபடி விசையை இழுத்துவிடும். லண்டன் பாஸ் கம்பெனியின் ஜான் ராபர்ட்சன் 1894-ல் இதற்குத்தான் வழி கண்டார்: அறியாமல் விழும் அந்த இழுப்பையும் கணக்கில் சேர்த்து, மூன்றாவது இழுப்பில் இரண்டாம் குழல் வெடிக்கும்படி செய்தார். பின்னால் ஏற்றிய விசை தேய்ந்திருந்தால் இந்த வியாதி திரும்ப வரும். தோட்டா இல்லை என்று இரண்டு தடவை பார்த்துவிட்டு, ஸ்னாப் கேப் (மருந்தில்லாத போலித் தோட்டா) போட்டு ஒரு குழலை மட்டும் விடுவித்து, கட்டையின் அடியைத் தரைவிரிப்பில் லேசாகத் தட்டுங்கள். விசையைத் தொடாமலே இரண்டாவதும் ‘டக்’ என்று விழுந்தால், இரட்டைக் குழல் வேலை தெரிந்த ஆளிடம் கொடுக்கும்வரை அதில் ஒரு தோட்டாகூடப் போடாதீர்கள்.