கோபம் என்று எழுதி அடித்த சொல்: உணர்வுசார் நுண்ணறிவு குறித்த கேள்வி பதில்

கேள்வி: வாழ்க்கை வெற்றியில் 80 சதவீதம் உணர்வுசார் நுண்ணறிவால் கிடைப்பது என்று ஒரு பயிற்சி வகுப்பில் சொன்னார்கள். உண்மையா?

பதில்: இல்லை. தன் உணர்ச்சிகளையும் பிறர் உணர்ச்சிகளையும் அறிந்து கையாளும் திறனே உணர்வுசார் நுண்ணறிவு. 1990-இல் பீட்டர் சாலவே, ஜான் மேயர் என்னும் உளவியலாளர்கள் இத்திறன் பற்றிய கருத்தை ஆய்வுக் கட்டுரையாக முன்வைத்தனர். 1995-இல் வெளிவந்த டேனியல் கோல்மனின் நூல் அதைப் பொதுமக்களிடம் கொண்டு சேர்த்தது. வெற்றியில் அறிவுத்திறன் அளவெண்ணின் (ஐ.க்யூ.) பங்கு அதிகபட்சம் 20 சதவீதமே என்று அவர் எழுதியதைப் படித்தவர்கள், மீதி முழுவதையும் உணர்வுசார் நுண்ணறிவின் கணக்கில் எழுதிவிட்டார்கள். குடும்பச் சூழல், பணம், உடல்நலம், வாய்ப்பு ஆகிய யாவும் அந்த மீதியில்தான் அடங்கும்.

கேள்வி: அலுவலகத்தில் எவ்வளவு கோபம் வந்தாலும் முகத்தில் காட்டிக்கொள்ள மாட்டேன். ஆனால் வீட்டுக்கு வந்ததும் பிள்ளைகள் மீது எரிந்து விழுகிறேன். எனக்கு இந்தத் திறன் இருக்கிறதா, இல்லையா?

பதில்: உங்களிடம் இருப்பது அடக்கும் பழக்கம், அம்மா, கையாளும் திறன் அதனினும் வேறானது. உணர்ச்சியை முகத்தில் மறைப்பவர்களின் உடலுக்குள் கொந்தளிப்பு தணிவதில்லை என்பதையும், மறைக்கும் முயற்சியிலேயே கவனம் செலவாகிவிடுவதால் அந்நேரத்தில் கேட்டவை அவர்கள் நினைவில் சரியாகப் பதிவதில்லை என்பதையும் ஜேம்ஸ் கிராஸ் என்னும் உளவியலாளரும் அவருடன் பணியாற்றியவர்களும் சோதனைகளில் கண்டிருக்கிறார்கள்.

நான் முதலில் செய்யச் சொல்வது, உணர்ச்சிக்குச் சரியான பெயர் வைப்பது. என்னிடம் ஆலோசனைக்கு வந்த ஒரு பெண்மணி, தம் மேலாளர் மீது கோபம் என்று மட்டுமே பல வாரங்களாகச் சொல்லிவந்தார். ஒரு தாளைக் கொடுத்து, கோபம் வந்ததற்குச் சற்று முன் நடந்ததை எழுதச் சொன்னேன். வாடிக்கையாளர் எதிரே நிற்கும்போதே, இவர் கையிலிருந்த கோப்பினை மேலாளர் வாங்கி இளைய ஊழியரிடம் கொடுத்திருக்கிறார். இதை எழுதி முடித்தவர், மேலே எழுதியிருந்த ‘கோபம்’ என்ற சொல்லை அடித்துவிட்டு ‘அவமானம்’ என்று எழுதினார். மறுநாள் மேலாளரைத் தனியே பார்த்து, “தவறு இருந்தால் உள்ளே கூப்பிட்டுச் சொல்லுங்கள் சார், வாடிக்கையாளர் முன்னால் வேண்டாம்” என்று கேட்க அவரால் முடிந்தது. கோபம் என்றே நினைத்திருந்த வரையில், சண்டை போடுவது அல்லது விழுங்கிக்கொள்வது என்ற இரண்டு வழிகளே அவருக்குத் தெரிந்திருந்தன. எரிச்சல், ஆற்றாமை, மனத்தாங்கல், ஏக்கம் என்று தமிழில் எத்தனை நுட்பமான சொற்கள் இருக்கின்றன! அவை அனைத்தையும் கோபம் என்ற ஒற்றைச் சொல்லுக்குள் திணித்துவிடுகிறோமே என்பதுதான் என் வருத்தம்.

கேள்வி: மகன் பிளஸ் டூ படிக்கிறான். இதனால் மதிப்பெண் கூடுமா?

பதில்: 42,000-க்கும் மேற்பட்ட மாணவர்களைப் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து 2020-இல் வெளியான பகுப்பாய்வு, இத்திறனுக்கும் மதிப்பெண்ணுக்கும் தொடர்பு உண்டு என்கிறது. தொடர்பு சிறியதுதான், பாடத்தைப் படிக்காமல் இதை மட்டும் வைத்து எதுவும் நடக்காது. மாதிரித் தேர்வில் மதிப்பெண் குறைந்து வரும் நாளில், “ஏன் குறைந்தது?” என்று கேட்பதற்கு முன் “எந்தக் கேள்வியில் பதற்றம் வந்தது?” என்று கேளுங்கள்.

கேள்வி: நான் நாள் முழுவதும் கணினியோடு வேலை செய்பவன். எனக்கும் இது தேவையா?

பதில்: செவிலியர், விற்பனையாளர் போல மனிதர்களின் உணர்ச்சிகளோடு நேரடியாகப் புழங்குவோருக்கே பணித்திறனில் இதன் பயன் மிகுதி. உங்கள் பணியில் அது குறைவாகவே தெரியும்.

கேள்வி: எங்கள் குழுத் தலைவர் எல்லோருடைய மனத்தையும் துல்லியமாகப் படிப்பார், அதை வைத்தே எங்களை வளைத்து, விடுமுறை நாளிலும் வேலை வாங்குகிறார். இதுவும் உணர்வுசார் நுண்ணறிவா?

பதில்: ஆம், ஐயா, திறன் என்ற அளவில் அதுவும் இதுதான். பிறர் மனத்தை அறியும் ஆற்றலும் நல்ல குணமும் ஒருவரிடம் சேர்ந்தே இருக்கும் என்று சொல்வதற்கில்லை. அவர் கனிவாகப் பேசும்போது உங்களுக்குள் எழுவது நன்றியுணர்வா, குற்றவுணர்வா என்று கவனியுங்கள். குற்றவுணர்வு என்றால் அங்கேயே சம்மதிக்காமல், “நாளைக் காலை சொல்கிறேன்” என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து வாருங்கள்.