இ6 ஆடினால் பயமா?

கேள்வி: பெண்கள் சதுரங்கப் போட்டி ஒன்றின் ஒளிபரப்பைப் பார்த்தேன். வெள்ளை இ4 (சிப்பாயை ‘இ’ வரிசையின் நான்காவது கட்டத்துக்கு) ஆட, கறுப்பு இ6 என்று சிப்பாயை ஒரே ஒரு கட்டம் நகர்த்தினார். ‘பிரெஞ்சு டிஃபென்ஸ்’ என்றார் வர்ணனையாளர். எடுத்த எடுப்பிலேயே இப்படி ஒடுங்குகிறாரே, பெண்கள் டிராவுக்குத்தான் ஆடுவார்களா?

பதில்: இதை நீங்கள் வேரா மென்சிக்கிடம் கேட்டிருக்க வேண்டும். 1927-ல் லண்டனில் நடந்த முதல் பெண்கள் உலக சாம்பியன்ஷிப்பை வென்றவர். 1944-ல் குண்டுவீச்சில் இறக்கும்வரை பட்டம் அவர் கையை விட்டுப் போகவே இல்லை. கறுப்புக் காய்களோடு உட்கார்ந்தால் அவர் விரும்பி ஆடியது இதே பிரெஞ்சுதான். பின்னாளில் உலக சாம்பியனான மாக்ஸ் ஆய்வேயையே இரண்டு முறை தோற்கடித்தவர். அவரைப் பயந்தாங்கொள்ளி என்று சொல்ல எனக்குத் துணிச்சல் இல்லை!

இ6 வெறும் ஆயத்தம். வெள்ளை டி4 ஆடியதும் கறுப்பு டி5 போட்டு நேராக இ4 சிப்பாயின் மேல் கை வைக்கிறார். வெள்ளை அதை இ5-க்குத் தள்ளிவிட்டால், உடனே சி5. அப்புறம் குதிரை சி6-க்கு, ராணி பி6-க்கு என்று வரிசையாக வரும். அத்தனைக்கும் குறி டி4-ல் நிற்கும் சிப்பாய் ஒன்றுதான். டிராவுக்கு ஆடுகிறவர் இவ்வளவு மெனக்கெடுவாரா?

டிரா வாசனை அடிப்பது எப்போது தெரியுமா? மூன்றாவது நகர்த்தலிலேயே வெள்ளை டி5-ல் சிப்பாய்களை வெட்டி மாற்றிக்கொள்ளும்போது. முடிவு வெள்ளையுடையது, பழி மட்டும் கறுப்பின் தலையில்.

கேள்வி: அப்படியென்றால் இந்த ஆட்டமுறையில் குறையே கிடையாதா?

பதில்: ஏன் இல்லை? சி8-ல் இருக்கும் பிஷப்பைப் பாருங்கள். இ6 சிப்பாய் வழியை அடைத்துக்கொண்டு நிற்க, பாவம், அது கிடந்த இடத்திலேயே கிடக்கும். விஷயம் தெரிந்தவர்கள் சிப்பாயை பி6-க்கு ஆடி, பிஷப்பை ஏ6-க்குக் கொண்டுவந்து, வெள்ளையின் நல்ல (சொந்தச் சிப்பாய்கள் வழியை மறிக்காத) பிஷப்போடு மாற்றிக்கொள்வார்கள். இல்லையென்றால் எஃப்6 போட்டுவிட்டு டி7, இ8 வழியாக ஹெச்5 வரை சுற்றிக்கொண்டு வரவேண்டும். கொஞ்சம் நீண்ட பயணம்தான், ஆனால் போய்ச் சேர்ந்தால் பலன் உண்டு.

அடுத்த ஒளிபரப்பில் யார் முந்துகிறார் என்று புரியாவிட்டால், அந்த பிஷப் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். இருபதாவது நகர்த்தலிலும் சி8-லேயே உட்கார்ந்திருந்தால், கறுப்பு பெரும்பாலும் திணறிக்கொண்டுதான் இருப்பார்.