மூன்று வாரத்தில் முடிவெடுக்காதீர்கள்

கேள்வி: எங்கள் லேப்ரடார் ஜிம்மிக்கு மூன்று வயது. ஆறு மாதமாகப் பாதத்தை நக்கிக்கொண்டே இருக்கிறான், காதையும் சொறிகிறான். உணவு ஒவ்வாமையாக இருக்கலாம் என்று டாக்டர் கோழி, பால் எல்லாவற்றையும் நிறுத்தி, புரதத்தை நுணுக்கி உடைத்துத் தயாரித்த தீவனத்துக்கு மாற்றினார். மூன்று வாரமாகிறது. இளகிப் போன மலம் சரியாகிவிட்டது, அரிப்பு குறையவில்லை. விலையும் அதிகம். நிறுத்திவிடலாமா?

பதில்: தயவுசெய்து இப்போது நிறுத்தாதீர்கள். வயிறு தேறியிருப்பது நல்ல அறிகுறி. குடல் சீக்கிரம் ஆறிவிடும், தோலுக்குத்தான் நாளாகும். உணவு ஒவ்வாமை உள்ள நாய்களில் 90 சதவீதத்துக்கு மேல் குணம் தெரிய 8 வாரம் வரை ஆகிறது. பாதி வழியில் விட்டால் இதுவரை செலவழித்த பணமும் வீண்.

முதலில் வீட்டில் எல்லோரையும் உட்காரவைத்துக் கேளுங்கள். ஜிம்மிக்கு வேறு யார் என்ன கொடுக்கிறார்கள்? என்னிடம் வந்த ஒரு நாய்க்கு இரண்டு மாதமாகியும் அரிப்பு அடங்கவில்லை. விசாரித்தால், தினமும் காலையில் பாட்டி ஒரு வாய் தயிர் சாதம் ஊட்டியிருக்கிறார். பாசத்தில் செய்தது, அவரைக் குறை சொல்ல முடியாது. ஆனால் அந்த ஒரு வாய் போதும், சோதனை கெட்டுவிடும். டீ நேரத்து பிஸ்கட், மென்று தின்னும் எலும்புகள், இறைச்சி வாசனை சேர்த்த பூச்சி மாத்திரை, உண்ணி மாத்திரை எல்லாம் இதே கணக்குதான். மாத்திரையை நீங்களாக நிறுத்தாமல், வாசனை சேர்க்காத மாற்று உண்டா என்று டாக்டரிடம் கேளுங்கள்.

அப்புறம், ஒரு நோட்டுப் போடுங்கள். தினமும் இரவு அரிப்புக்கு 0 முதல் 10 வரை மதிப்பெண்: 0 என்றால் சொறியவே இல்லை, 10 என்றால் தூக்கத்தையும் விட்டுச் சொறிகிறான். கூடவே அன்றைய மலம், வாந்தி, தின்ற அளவு ஒரு வரி. ஞாயிற்றுக்கிழமைதோறும் கால் விரல்களை விரித்து, ஒரே இடத்தில், ஒரே வெளிச்சத்தில் படம் எடுங்கள். வெளிர்நிற நாயாக இருந்தால், நக்கி நக்கி எச்சில் பட்ட முடி துருப்பிடித்தாற்போல் சிவந்திருக்கும். நக்குவது குறைந்தால், புதிதாக முளைக்கும் முடி அடியில் வெளுப்பாக வரும். தினமும் பார்க்கிற கண்ணுக்கு இது தெரியாது, நான்கு வாரப் படங்களை வரிசையாக வைத்தால் தெரியும். எடையையும் வாரம் ஒருமுறை குறித்துக்கொள்ளுங்கள்.

காதை முகர்ந்து பாருங்கள். புளித்த மாவு வாடை அடித்தால் உள்ளே பூஞ்சைத் தொற்று இருக்கலாம். தீவனம் எவ்வளவு சரியாக இருந்தாலும் அதற்குத் தனி மருந்து போடாமல் அரிப்பு அடங்காது. உங்கள் விஷயத்தில் எனக்கு முதல் சந்தேகமே இதுதான், இந்த வாரமே காட்டிவிடுங்கள். நடுவில் அரிப்புக்கு ஊசி, மாத்திரை கொடுத்தால் தேதியோடு எழுதுங்கள். குறைந்தது மருந்தாலா உணவாலா என்று பிறகு பிரித்துப் பார்க்க வேண்டும்.

எட்டு வாரத்தில் குணமானால் பலர் அதோடு விட்டுவிடுகிறார்கள். பருவம் மாறினாலும் அரிப்பு குறையும். அதனால் டாக்டர் சொல்படி பழைய உணவையே திரும்பக் கொடுத்து, இரண்டு வாரம் வரை கவனியுங்கள். அரிப்பு திரும்பினால்தான் உணவு ஒவ்வாமை என்று உறுதி. உடனே புதுத் தீவனத்துக்குப் போய்விடுங்கள். அடங்கிய பிறகு கோழி மட்டும், பால் மட்டும் என்று தனித்தனியாகக் கொடுத்துப் பார்த்தால் எது ஆகவில்லை என்று தெரிந்துவிடும். அதை மட்டும் ஒதுக்கினால் போதும், விலை உயர்ந்த தீவனமே கடைசிவரை தேவை என்றில்லை.

ஒரு நாள் முழுக்கத் தின்னாவிட்டாலோ, திரும்பத் திரும்ப வாந்தி எடுத்தாலோ, மலத்தில் ரத்தம் வந்தாலோ, எட்டு வாரக் கணக்கெல்லாம் பார்க்காமல் அன்றே கொண்டுபோங்கள்.