மன்னருக்கு மரண தண்டனை கேட்ட பங்காளி

கேள்வி: பிரெஞ்சு மன்னர் பதினாறாம் லூயிக்கு மரண தண்டனை வேண்டுமென்று அவருடைய பங்காளியே வாக்களித்தாராமே? ஒரு டியூக்குக்கு அத்தனை செல்வாக்கு எப்படி வந்தது?
– வாசகி, காரைக்குடி

பதில்: உண்மைதான். அவர் ஆர்லியன்ஸ் டியூக் பிலிப். பதினான்காம் லூயியின் தம்பி வழி வந்தவர். மூத்தவருக்கு அரியணை, இளையவருக்கு வருமானம் தரும் நிலப்பகுதி என்பது அங்கே மரபு. உங்கள் பக்கம் கல்யாணமான மகனுக்குத் தனி வரவு செலவு வகுத்து ‘வேறு’ வைப்பார்களே, கிட்டத்தட்ட அப்படி. ஆனால் ஆண் வாரிசு அற்றுப்போனால் நிலம் அரசுக்கே திரும்பிவிடும்.

அவருடைய உண்மையான பலம் பாரிசிலிருந்த பலே ரொயால் மாளிகை. கடன் நெருக்கியதால் 1780-களில் தோட்டத்தைச் சுற்றி வளைவுத் தாழ்வாரங்களோடு கடைகள் கட்டி வாடகைக்கு விட்டார். டியூக்கின் இடம் என்பதால் காவலர்கள் எளிதில் நுழைய முடியாது. தடைசெய்த துண்டுப் பிரசுரங்கள் தாராளமாகப் புழங்கின. 1789 ஜூலை 12 அன்று வழக்கறிஞர் கமீல் தெமூலன் மேசைமேல் ஏறி மக்களை ஆயுதம் ஏந்த அழைத்தது அங்கேதான். இரண்டே நாளில் பஸ்தீல் சிறைக்கோட்டை வீழ்ந்தது. கலகத்துக்குப் பணம் கொடுத்தவரே பிலிப் என்று அரசவையினர் நம்பினார்கள். அது மிகை என்பதே எங்கள் கருத்து; அவர் தந்த இடமே போதுமானதாக இருந்தது.

1793 ஜனவரியில் மன்னரின் தண்டனை பற்றி புரட்சி நாடாளுமன்றத்தில் நடந்த வாக்கெடுப்பில் 721 உறுப்பினர்களில் 361 பேர் நிபந்தனையின்றி மரணம் என்றனர். அதில் பிலிப்பும் ஒருவர். ஏப்ரலில் அவருடைய மகன் பிரெஞ்சுத் தளபதி துமூரியேயுடன், எதிரிகளான ஆஸ்திரியர் பக்கம் ஓடியதும் தந்தை மீது சந்தேகம் விழுந்தது. கைதானார், நவம்பர் 6 அன்று கில்லட்டினில் தலை போனது. ஓடிய மகன்தான் 1830-ல் மன்னரான லூயி பிலிப். 1848 புரட்சி அவரையும் இறக்கிவிட்டது.