காதில் கருவி, கழுத்தில் ஸ்டெதாஸ்கோப்

கேள்வி: எனக்கு இரண்டு காதுகளிலும் செவித்திறன் குறைவு. கருவி இல்லாமல் பேச்சு விளங்காது. மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைத்துவிட்டது. ஸ்டெதாஸ்கோப்பை மாட்டக் காதுக் கருவியைக் கழற்ற வேண்டுமே, கழற்றினால் என்ன கேட்கும் என்று நினைத்தாலே தூக்கம் போய்விடுகிறது. யாரிடமும் சொல்லாமல், கருவியைக் கூந்தலால் மறைத்தபடி முதல் வருடத்தை ஓட்டிவிடலாமா டாக்டர்?

பதில்: நானும் கருவி மாட்டிக்கொண்டு படித்தவள்தான். ஸ்டெதாஸ்கோப்பை நினைத்து நானும் தூக்கம் கெட்டேன். கடைசியில் என்னைப் படுத்தியெடுத்தது முகக்கவசம்.

உங்கள் ஆடியோகிராமை, அதாவது செவித்திறன் சோதனையின் வரைபடத்தை, எடுத்து இடது ஓரத்தைப் பாருங்கள். தாழ்ந்த ஒலிகள் அங்கேதான் இருக்கின்றன. இதயத்தின் ‘லப்-டப்’ பெரும்பாலும் 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே. ‘ஸ’, ‘ஷ’ போன்ற உயர்ந்த ஒலிகள் தேய்ந்துபோன பலருக்கும் அந்த ஓரம் ஓரளவு பிழைத்திருக்கும். ஒலியைப் பெருக்கும் மின்னணு ஸ்டெதாஸ்கோப்பும் உண்டு. காதுக்குள் அடங்கும் கருவி என்றால் அதன் மேலேயே ஹெட்போன் வைத்துக் கேட்கலாம். சிலவற்றில் புளூடூத் வழியாகக் கருவிக்கே ஒலி வந்துவிடும். ஆனால் காதுக் கருவிகள் பேச்சுக்காகச் செய்யப்பட்டவை. மிகத் தாழ்ந்த ஒலிகளைக் கோட்டைவிடும். ‘லப்-டப்’புக்குப் பிறகு சிலருக்குத் தாழ்வாக எழும் மூன்றாம் இதய ஒலி எனக்குக் கேட்கவே இல்லை. செவித்திறன் நிபுணரான ஆடியாலஜிஸ்ட்டிடம் ஸ்டெதாஸ்கோப்பையும் கொண்டுபோய், அதற்கென்று தனி புரோகிராம் அமைத்துத் தரச் சொல்லுங்கள்.

குழந்தைகள் இதய மருத்துவத்துக்கு அடித்தளமிட்ட அமெரிக்க மருத்துவர் ஹெலன் டௌசிக் செவித்திறன் இழந்தவர். குழந்தையின் மார்பில் கைவைத்தே இதயத்தைப் படித்தார். இதயக் குறையால் நீலம் பாரித்த குழந்தைகளுக்கு 1944-இல் தொடங்கிய அறுவை சிகிச்சை அவருடைய யோசனையில் பிறந்தது. கோளாறுள்ள இதயம் எழுப்பும் இரைச்சலின் அதிர்வை நான் முதன்முதலில் உள்ளங்கையில் உணர்ந்தபோது, தூங்கும் பூனையின் வயிற்றைத் தொட்டதுபோல் இருந்தது.

இனி முகக்கவசம். உதடு மறைந்தால் பாதிப் பேச்சு போயிற்று. ஒருநாள் மூத்த மருத்துவர் கவசத்துக்குள்ளிருந்து ‘ஃபிஃப்டீன்’ மில்லிகிராம் என்றார்; என் காதில் ‘ஃபிஃப்டி’ விழுந்தது. 50 என்று எழுதிவிட்டேன். மருந்தை எடுக்குமுன் செவிலியர் புருவத்தை உயர்த்திப் பார்த்தாரோ, நோயாளி தப்பினாரோ! அன்றிலிருந்து எந்த அளவையும் ‘ஒன்று, ஐந்து’ என்று இலக்கம் இலக்கமாகத் திருப்பிச் சொல்லி, எதிராளி தலையசைத்த பிறகே எழுதுகிறேன். நன்றாகக் காது கேட்பவர்களும் இதைச் செய்யலாம் என்பது என் கட்சி.

மறைக்கலாமா என்று கேட்டீர்கள். கூடாது. முதல் வருடம் முழுக்க நான் மறைத்தேன். விளங்காததற்கெல்லாம் தலையாட்டினேன், கர்வக்காரி என்று பெயர் வாங்கியதுதான் மிச்சம். முதல் வாரமே ஆசிரியர்களிடம் சொல்லிவிடுங்கள். ரவுண்ட்ஸில் எல்லோரும் பேராசிரியரின் முதுகுக்குப் பின்னால் முண்டியடிப்பார்கள். நீங்கள் கட்டிலுக்கு எதிர்ப்பக்கம் போய் நில்லுங்கள், அவர் முகம் தெரியும். உங்கள் கருவியோடு இணையும் சின்ன மைக்கை அவர் காலரில் மாட்டச் சொல்லுங்கள். எங்கள் பேராசிரியர் ஒருமுறை அதைக் கழற்ற மறந்து வெளியே போய், தேர்வில் என்ன கேட்கப்போகிறார் என்பதைச் சக ஆசிரியரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். நான் அசையாமல் நின்றேன்.